வெல்மோரா போன நாலு லட்சம்

கொட்டாங்குளத்து அண்ணன் தம்பி மூன்று பேரையும் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. தனித்தனியாக விட்டால் மூவரும் சாதாரண ஆட்கள்தான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மூத்தவர் ஆவுடையப்பன் நிதானமாக யோசிப்பார். அதனால் அவர் செய்யும் தப்பும் நிதானமாக, ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடியும். நடுவுள்ளவன் சங்கிலி, அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு அதற்கு மேல் இரண்டு சேர்த்துச் சொல்வான். இளையவன் பேச்சிமுத்து எட்டாவது வரை படித்தவன். கையெழுத்து மணிமணியாக இருக்கும்.

மூவருக்கும் சேர்த்து ஒரு மாவு மில் இருந்தது. ஆவுடையப்பனின் மச்சினன் சிதம்பரம், கடல் தாண்டி வெல்மோரா என்ற குளிர் நாட்டில் பரோட்டா மாஸ்டராக இருந்தான். ஒரு நாள் அவன் போன் செய்தான்.

“அத்தான், இங்க பரோட்டாவுக்கு ஜனம் வரிசை கட்டி நிக்கி. ரயிலடிக்குப் பக்கத்துல ஒரு கடை காலியா வருது. மூவாயிரத்தைந்நூறு தாலரி அட்வான்ஸ் கட்டினா நமக்குத்தான். மில்லை வித்துட்டு எல்லாரும் கெளம்பி வாங்க.”

தாலரி என்பது அந்த ஊர்ப் பணம். மில்லை விற்றதும், இத்தனை வருஷம் சேர்த்ததும் சேர்ந்து நாலு லட்சம் ரூபாய் தேறியது. ஆடு விற்ற காசு விமான டிக்கெட்டுக்குச் சரியாகப் போயிற்று. அந்த நாலு லட்சம் ஆவுடையப்பனுக்கு லேசுப்பட்ட பணம் இல்லை. மிளகாய் அரைத்துத் தும்மித் தும்மிச் சேர்த்தது. தலையணைக்குள் வைத்துத் தைத்து அதன் மேலேயே படுத்துத் தூங்கியவர் அவர். அதைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டும் என்றதும் தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பேங்க் மேனேஜர் பிரிசில்லா மேடம் பொறுமைக்குப் பேர் போனவர். “அண்ணாச்சி, உங்க ரூபாயை அங்க கடையில வாங்க மாட்டாங்க. நாங்க இங்கேருந்து அனுப்பிவிடுதோம். மூணு நாள்ல அங்க உங்க மச்சினன் உங்க பேர்ல தொறந்த கணக்குக்குத் தாலரியா போய்ச் சேர்ந்திரும். பேரு, விலாசம் எல்லாம் தெளிவா எழுதி நாளைக்குப் பணத்தோட வாங்க” என்று சொல்லி அனுப்பினார்.

மூவரும் வீட்டுக்கு வந்து தலையணையைப் பிரித்தார்கள். பேச்சிமுத்து பேனாவை எடுத்து, ஒவ்வொரு ஐந்நூறு ரூபாய் நோட்டிலும் ‘ஆவுடையப்பன், வடக்குத் தெரு, கொட்டாங்குளம்’ என்று அழகாக எழுதினான். விடிய விடிய எழுதியும் அவனுக்கு அலுக்கவில்லை. சங்கிலி பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னான்.

“எண்ணே, வழியில எங்கயாவது கூட்டத்துல மாறிப் போச்சுன்னா?”

“அதுக்குத்தானல பேரு எழுதுதோம்.”

“கண்டெடுத்தவன் நல்லவனா இருக்கணுமே. ‘தயவுசெய்து கொண்டு சேர்க்கவும்’னு ஒரு வரி சேத்துக்கிடுவோம்.”

ஆவுடையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. பேச்சிமுத்து மறுபடி முதல் நோட்டிலிருந்து ஆரம்பித்தான்.

மறுநாள் அந்தக் கட்டுகளைப் பார்த்த பிரிசில்லா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சரி, கேஷ் கவுண்டர்ல கட்டுங்க” என்றார். கவுண்டரில் இருந்த பையன் கட்டைப் பிரித்து எண்ணும் மெஷினில் வைத்தான். நோட்டெல்லாம் படபடவென்று பறந்தன. ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏல சங்கிலி, கெளம்பிட்டுல.”

“என்ன வேகம் பாத்தீயளா. இந்த ஓட்டம் ஓடுனா மூணு நாள் எதுக்கு?”

மெஷின் நின்றதும் பையன் நோட்டுகளை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான். பணம் அதற்குள் களைத்துவிட்டது, இளைப்பாற வைத்திருக்கிறார்கள் என்று மூவரும் புரிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்து ஆவுடையப்பனின் மனைவி கோமு ஒரு கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, அங்க பனி கொட்டுமாமே. இதையும் கூட அனுப்பிவிடுங்க. போத்திக்கிட்டுப் போவட்டும்.”

பையன் கம்பளியைப் பார்த்தான், பணத்தைப் பார்த்தான், கோமுவைப் பார்த்தான். கம்பளியெல்லாம் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். கோமுவுக்கு மனசு கேட்கவில்லை. “ஒரு துண்டாவது சுத்திவிடக் கூடாதா” என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் பெரிய ஆலோசனை நடந்தது. பணம் முதலில் போக வேண்டுமா, ஆள் முதலில் போக வேண்டுமா என்பதுதான் விஷயம்.

“நாமதான் முன்னாடி போவணும்” என்றார் ஆவுடையப்பன். “புது ஊரு, பாஷை தெரியாது. அது போய் இறங்கி எந்தப் பக்கம்னு நிக்கும்?”

ஆகவே டிக்கெட்டை முன்னால் போட்டு, கோமுவோடு சேர்த்து நாலு பேரும் விமானம் ஏறி வெல்மோரா போய் இறங்கினார்கள். மறுநாள் காலையிலிருந்தே அங்குள்ள பேங்க் வாசல் படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் பல் கிட்டியது. பையோடு வருகிறவர்களை எல்லாம் சங்கிலி எட்டி எட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் சிதம்பரம் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தான்.

“வந்துட்டு அத்தான். வாங்க.”

“எப்படி மாப்ளே வந்திருக்கும்? நாங்க வாசல்லயேல்லா இருக்கோம்.”

சிதம்பரம் இராத்திரி வேலை முடிந்து தூங்காமல் வந்தவன். “பின்வாசல் வழியா வந்திருக்கும்” என்றான்.

“பாத்தியா,” என்றார் ஆவுடையப்பன் தம்பிகளிடம், “புது ஆளுகளைக் கண்டு பயந்துட்டு.”

கவுண்டரில் ஒரு மஞ்சள் முடிக்காரப் பெண் இருந்தாள். அவள் ஒரு சீட்டை நீட்டினாள். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது தாலரி என்று அதில் இருந்தது. பேச்சிமுத்து அதைப் படித்துச் சொன்னான். ஆவுடையப்பன் மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாலு லட்சம் கெளம்புச்சு மாப்ளே. நாலாயிரம்கூட வந்து சேரலையே.”

சிதம்பரம் குனிந்து அவர் தோளைத் தொட்டு விளக்கினான். “அத்தான், நூறு ரூபாய்க்கு ஒரு தாலரி. அனுப்புன கூலியா நாப்பது தாலரி போயிருக்கு. மத்தபடி அங்க நாலு லட்சமும் இங்க நாலாயிரமும் ஒண்ணுதான்.”

“அதெப்படி ஒண்ணாவும்? நாங்க நாலு பேரு அங்க ஏறுனோம். இங்க நாலு பேராத்தானே இறங்குனோம்?”

யோசித்துப் பார்த்தால் இதற்கு உங்களுக்கும் சட்டென்று பதில் வராது. சிதம்பரம் கொஞ்சம் தாலரி எடுத்து அவர்கள் கையில் கொடுத்தான். மெல்லிசாக, பச்சையாக, ஒரு பறவைப் படம் போட்ட நோட்டுகள். பேச்சிமுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். பேரும் இல்லை, வடக்குத் தெருவும் இல்லை.

“இது நம்மது இல்லண்ணே.”

“நம்மதுதாம்ல” என்றான் சங்கிலி. “கடல் தண்ணி பட்டு எழுத்து அழிஞ்சிருக்கு.”

ஆவுடையப்பன் ஒரு நோட்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. “எளைச்சுப் போச்சுல. நாமளாவது சீட்டுல உக்காந்து, அவங்க கொடுத்த சோத்தைத் தின்னுட்டு வந்தோம். இது பச்சைத் தண்ணி குடிக்காம வந்திருக்கு. பாரு, குளிர்ல உடம்பே பச்சை பாரிச்சிருக்கு.”

“நான் அப்பமே கம்பளி கொடுத்தேன்” என்றாள் கோமு.

அந்த நோட்டுகளைத் திரும்பவும் கணக்கிலேயே கட்டச் சொல்லிவிட்டார் ஆவுடையப்பன். ஓய்வு எடுக்கட்டும் என்றார். சிதம்பரம் பதறிப்போனான்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள கடைக்காரருக்கு அட்வான்ஸ் கட்டணும் அத்தான். மூவாயிரத்தைந்நூறுதானே, அதுக்கு மேலயே நம்மகிட்ட இருக்கு.”

“மாப்ளே, நீயும் பிள்ளைகுட்டிக்காரன். சொகமில்லாம வந்ததை மறுநாளே வேலைக்கு அனுப்புவாங்களா? மொதல்ல தேறட்டும்.”

அதன் பிறகு தினமும் காலையில் நாலு பேரும் வரிசையில் நின்று பணத்தின் உடம்பை விசாரித்தார்கள். மஞ்சள் முடிக்காரப் பெண்ணுக்கு இவர்கள் பாஷை புரியவில்லை. சிதம்பரத்துக்குத் தினமும் மொழிபெயர்க்க வர நேரமில்லை. அவன் அவளுக்கு ‘சொகம்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். இவர்கள் வந்து நின்றதும் அவள் சிரித்துக்கொண்டே “சொகம்” என்பாள். நாலு பேரும் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

சொகம் என்று சொன்னாலும் எண்ணிக்கை கூடவில்லையே என்று கோமுவுக்குக் கவலை. சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்து பிளாஸ்கில் ஊற்றிக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு அன்று நல்ல ஜலதோஷம். தனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் வர வர முழுவதையும் குடித்துவிட்டாள். மாதம் முடிகிற நாள் அது. மறுநாள் வட்டி சேர்ந்து சீட்டில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று என்று வந்தது.

“ஒண்ணு தேறிட்டு” என்றான் பேச்சிமுத்து.

ஆவுடையப்பன் பேங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கைகொடுத்தார். காவல்காரர் வரைக்கும் கொடுத்தார்.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ரயிலடிக் கடையை யாரோ எடுத்து சூப் கடை போட்டுவிட்டார்கள். சிதம்பரம் அந்தக் கடைக்கு எதிரில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஆவுடையப்பன் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“விடு மாப்ளே. கடை போனா போவுது. பணம் பொழைச்சுதே, அதைச் சொல்லு.”

கடை இல்லை என்றால் அந்த ஊரில் தங்கவும் அனுமதி இல்லை. பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சேருங்கள் என்று சிதம்பரம் சொன்னான். அன்று ராத்திரி அவன் அறையில், ஒரே போர்வைக்குள் நாலு பேரும் ஒடுங்கிக்கொண்டு கடைசியாக ஓர் ஆலோசனை நடத்தினார்கள். சங்கிலிக்கு உதடு வெடித்திருந்தது. பேச்சிமுத்துக்குக் கால் மரத்திருந்தது. கோமுவுக்கு இருமல் நிற்கவில்லை.

“நம்ம ஒருத்தருக்கும் இந்த ஊரு ஒத்துக்கிடல” என்றார் ஆவுடையப்பன் நிதானமாக. “ஆனா பணத்துக்கு ஒத்துக்கிட்டு. இப்பதான் ஒண்ணு ஏறியிருக்கு. இந்த நெலைமைல அதை மறுபடி அம்புட்டுத் தூரம் இழுத்துக்கிட்டுப் போனா தாங்காது. வழியிலயே உசுரு போயிரும்.”

“அப்ப என்ன செய்ய?” என்றான் சங்கிலி.

“அது இங்கயே இருக்கட்டும். நாம போயிருவோம்.”

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. சிதம்பரம் முதலில் தலையில் அடித்துக்கொண்டான். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு, அந்தப் பணத்தைத் தொட விடமாட்டார்கள் என்று, கடன் வாங்கி நாலு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். விமானம் மேலே போகிற வரைக்கும் நின்று பார்த்து, போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனான்.

ஊருக்கு வந்து, தாங்கள் விற்ற மில்லிலேயே மூவரும் கூலிக்குச் சேர்ந்தார்கள். வெளிநாட்டில் குடியேறப் போனீர்களே என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆவுடையப்பன் ஒரே பதில்தான் சொன்னார். “பணம் குடியேறிட்டு. நல்லா இருக்கு.” சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும். ராத்திரி தட்டையான தலையணையில் தலையை வைத்தால் மட்டும் தூக்கம் வராது. மனசு கனத்துப் போகும்.

“என்ன யோசனை?” என்று கோமு ஒரு நாள் கேட்டாள்.

“நாம பாட்டுக்கு வந்துட்டோம். பாஷை தெரியாத ஊர்ல அது ஒத்தையில கெடக்குமேன்னு நெனைக்கேன்.”

விடிந்ததும் தம்பிகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். துணைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. அன்றிலிருந்து கூலியில் மிச்சம் பிடித்தார்கள். ஒரு திங்கட்கிழமை, ஒரு கோணிப்பையை மூவரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து பிரிசில்லா மேடத்தின் மேசை மேல் வைத்தார்கள். பை முழுக்கப் புத்தம் புது ஒரு ரூபாய்க் காசுகள்.

“இதை அந்த வெல்மோரா கணக்குக்கு அனுப்பணும்மா” என்றார் ஆவுடையப்பன்.

பிரிசில்லா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “அண்ணாச்சி, அனுப்புறதே அனுப்புறீங்க, நோட்டா கொண்டு வரக் கூடாதா? ஏன் இப்படிச் சில்லறையா?”

ஆவுடையப்பன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பைக்குள் கையை விட்டு ஒரு காசை எடுத்து, அதில் வருஷம் பொறித்திருந்த பக்கத்தை அவருக்குக் காட்டினார்.

“நோட்டெல்லாம் வயசானதும்மா, அதான் போற வழியிலயே எளைச்சுப் போச்சு. இது பூரா இந்த வருசம் பொறந்தது. குளிரு தாங்கும்.”