கேழ்வரகு கேக்கை எத்தனையா வெட்டுறது

"நீ சொல்லிக்குடுத்ததுல ஏதோ ஒரு சாமான் குறையுது. என்னன்னு இப்பச் சொல்லு."

டீச்சர் வாசல்லயே நின்னா. முழங்கை வரைக்கும் மாவு.

டீச்சர்னா பள்ளிக்கூட டீச்சர் இல்ல. பேரு பொற்கொடி. அடுத்த தெருவுல, வீட்டுலயே ஓவன் வச்சு கேக் செய்யச் சொல்லித் தர்றவ. என்னைவிட ஒம்பது வயசு சின்னவ.

என் பொண்டாட்டி செண்பகம் இவகிட்டதான் படிச்சா. கேழ்வரகு மாவு, கருப்பட்டி, நல்லாக் கனிஞ்ச வாழைப்பழம். மைதா கிடையாது, சீனி கிடையாது. எங்க வீட்டுல காலையில அதான் சாப்பாடு.

செண்பகம் செத்து அம்பத்தோரு நாள் ஆச்சு.

எம் பொண்ணு அமுதினிக்கு எட்டு வயசு. ஸ்கூல் பிரேயர்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா. வெறும் வயித்தோட வருதுன்னு மிஸ் போன் போட்டுச் சொல்றாங்க. அதனால இப்ப நான் படிக்கிறேன்.

"உள்ள வாங்கண்ணே."

"உள்ள வந்து என்ன பண்ண? அவளுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி சொல்லிக்குடுத்திருக்க. கருப்பட்டியக் காய்ச்சி வடிகட்டுன்ன, வடிகட்டினேன். ஆற வச்சு ஊத்துன்ன, ஆற வச்சேன். பழம் கறுக்குற வரைக்கும் காத்திருந்தேன்."

"ருசி எப்படி இருக்கு?"

"அவ செஞ்ச மாதிரியேதான் இருக்கு."

"அப்புறம் என்னண்ணே குறை?"

"பிள்ள திங்கலையே. அதான் குறை."

அவ கையில ஒட்டின மாவை உருட்டிக்கிட்டே நின்னா.

"எத்தனை துண்டு வெட்டுறீங்க?"

"ரெண்டு."

"முன்னாடி?"

"மூணு. ஏன், எங்க வீட்டுல தலை எண்ண வந்தியா? அந்த வேலைய நான் பஸ்ல பாத்துக்குறேன்."

அவ உள்ள போயிட்டா. நான் கேட்டை ஓங்கிச் சாத்திட்டு வந்தேன்.

எனக்குக் கண்டக்டர் வேலை. அஞ்சரை மணிக்கு முதல் டிரிப். சாயங்காலமே கேக்கை வேக வச்சு, காலையில என் துண்டைத் தின்னுட்டு, பிள்ள துண்டைத் தட்டுல மூடி வச்சிட்டுக் கிளம்பிருவேன். பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா அவளைக் கிளப்பி ஸ்கூல் பஸ் ஏத்தி விடுவாங்க.

திரும்பி வந்து பாத்தா தட்டு காலி. ஒரு துணுக்கு மிச்சம் இருக்காது. ஆனா பிள்ள வெறும் வயிறுதான்னு மிஸ் போன் மட்டும் நிக்கல.

கருப்பட்டியக் கூட்டிப் பாத்தேன். தட்டு காலி. முந்திரி போட்டுப் பாத்தேன். தட்டு காலி.

வியாழக்கிழமை பிள்ள மறுபடியும் விழுந்துருச்சு. இந்தத் தடவை கொடிக்கம்ப மேடையில நெத்தி பட்டு, ரெண்டு தையல்.

காக்கிச் சட்டையோட நேரா டீச்சர் வீட்டுக்குப் போனேன். நாலு பொம்பளைங்க முட்டை அடிச்சிக்கிட்டு இருந்தாங்க.

"இவகிட்டப் படிக்காதீங்கம்மா. இவ சொல்லிக்குடுக்குறத திங்க மாட்டாம எம் பிள்ள மண்டைய உடைச்சிக்கிட்டு வந்துருக்கு."

டீச்சர் அடுப்பைக் குறைச்சா.

"தட்டுல மிச்சம் இருக்குமாண்ணே?"

"இருக்காது."

"அப்ப அது எங்க போகுது?"

"அத நீ சொல்லு. நீதான டீச்சர்."

"ஒரு நாள் லீவு போட்டுப் பாருங்க."

"கேக்கு வரலன்னா வரலன்னு ஒத்துக்க. லீவு போடச் சொல்லுறா லீவு."

ஆனா போட்டேன்.

இன்னைக்குக் காலையில வேலைக்குக் கிளம்புற மாதிரியே கிளம்பி, மல்லிகா அக்கா வீட்டு மாடிப்படியில உக்காந்து பாத்தேன். பாத்துட்டு, பிள்ளைய ஸ்கூல் பஸ்ல ஏத்தி விட்டுட்டு, நேரா டீச்சர் வீடு.

அவ தனியா இருந்தா. அப்பத்தான் ஓவன்ல இருந்து ஒரு கேக்கை வெளிய எடுத்துருந்தா. அதே கேழ்வரகு, அதே கருப்பட்டி வாசம்.

"எங்க போகுதுன்னு கேட்டியே. காக்காவுக்குப் போகுது. போதுமா? தட்டை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போறா. கைப்பிடிச் சுவர் மேல வச்சிட்டுத் தள்ளி நிக்குறா. காக்கா கூடத் திங்குது, பிள்ள ஒரு வாய் வைக்கல. அந்த லட்சணத்துல சொல்லிக்குடுத்திருக்க."

"ஏதாவது சொல்லுச்சா பாப்பா?"

"சொல்லுச்சு, காக்காகிட்ட. சீக்கிரம் சாப்பிடு, எனக்குப் பஸ் வந்துரும்னு. காக்காவுக்கு டைம் சொல்லிக்கிட்டு நிக்குது."

டீச்சர் துணியை மடிச்சுப் பிடிச்சுக் கேக்கைத் தட்டுல கவுத்தா.

"பதினாறாம் நாள் படையல் எங்க வச்சீங்க?"

"மாடியிலதான். அதே சுவத்து மேல. எல்லாரும் வைக்கிறதுதான?"

"காக்கா வந்துச்சா?"

"உடனே வரல. அரை மணி நேரம் ஆச்சு. சொந்தக்காரங்க எல்லாம், அவளுக்கு என்ன கோவமோன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பிள்ள அழுதுருச்சு. அப்புறம்தான் ஒண்ணு வந்துச்சு."

"பாப்பாவைத் தூக்கிக் காட்டுனீங்களா?"

"காட்டுனேன்."

"என்ன சொல்லிக் காட்டுனீங்க?"

வாயத் தொறந்தேன். எந்தப் பஸ் கூட்டத்துலயும் என் வாய் அடைச்சது கிடையாது.

"அழாத, அங்க பாருன்னு சொன்னேன். அம்மா பசியோட வந்துட்டா பாருன்னு சொன்னேன்."

டீச்சர் கேக்குத் தட்டை என் பக்கம் தள்ளி வச்சா. பக்கத்துல கத்தி.

கத்தியை எடுத்தேன். எத்தனைன்னு இந்தத் தடவை அவ கேக்கல.