கொம்பையா கைவைத்த மெஷின்கள்

“டீச்சர், அந்தச் சவம் மறுபடியும் நின்னுபோச்சு.”

கொம்பையா கம்ப்யூட்டர் பெட்டியை மேசைமேல் வைத்தார். வைத்தாரா, போட்டாரா என்றால் போட்டார்தான்.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ரஹ்மத்தை. பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். வயதில் கொம்பையாவைவிடப் பதினெட்டு குறைவு. கொம்பையா முப்பது வருஷம் டிவி மெக்கானிக். பழைய பெட்டி டிவிகளெல்லாம் போனபிறகு, கொஞ்சமும் கூச்சப்படாமல் இவரிடம் வந்து புதுத் தொழில் படித்தார். அதுக்கே ஒரு நெஞ்சு வேணும். எங்க ஊர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வேணும்.

“யார் மெஷின், அண்ணாச்சி?”

“தங்கபுஷ்பம் அம்மாது. கல்யாணப் பத்திரிகை டைப் பண்ணிக் கொடுக்காங்கள்லா. ஒண்ணையும் முடிக்க விடமாட்டேங்கு. பாதியில நீலத்திரை வந்து நின்னுருது.”

“என்ன செஞ்சீங்க?”

“என்ன செய்யலைன்னு கேளுங்க! மெமரி மாத்தினேன். ஹார்டு டிஸ்க் மாத்தினேன். அஞ்சு தடவை எல்லாத்தையும் அழிச்சு புதுசா ஏத்தினேன்.”

குரல் இறங்கியது.

“நேத்து அந்தம்மா முன்னால சொல்லிட்டேன், டீச்சர். இன்னொரு தடவை நின்னா இந்தத் தொழிலையே விட்டுருதேன்னு. இன்னைக்குக் காலையில நின்னுட்டு.”

கொம்பையா சொன்னால் சொன்னதுதான். அவர் வீட்டில் இதனால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

டீச்சர் பெட்டியைத் திறக்கவில்லை.

“புதுசா ஏத்தினதும் முதல்ல என்ன போடுவீங்க?”

“டிரைவர்.”

கழுத்துக் கயிற்றில் தொங்கிய பென்டிரைவைத் தூக்கிக் காட்டினார்.

டிரைவர் என்றால் பெரிய மாயமில்லை. திரை, பிரிண்டர், ஸ்பீக்கர் இதுகளோடு மெஷின் எப்படிப் பேசணும் என்று சொல்லிக்கொடுக்கிற சின்னப் புரோகிராம். கொம்பையா அதையெல்லாம் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். ஊரில் வேறு யாரிடமும் இப்படி ஒன்று கிடையாது என்று அவருக்கு ஒரு மிதப்பு.

“இதைப் போடாம ஒரு மெஷினையும் நான் வெளிய விட்டதில்ல, டீச்சர். திரை பளிச்சுன்னு இருக்கும். கொம்பையா கைவச்சதுன்னு பார்த்ததுமே தெரியும்.”

டீச்சர் தன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“என் மெஷினும் அதே மாடல்தான். இதுல போடுங்க. திரைக்கான டிரைவர் மட்டும்.”

கொம்பையா திகைத்தார். நாலு வருஷமாக ஒரு தடவைகூட நிற்காத மெஷின் அது. கடைக்கு வருகிறவர்களிடம் டீச்சர் அதைக் காட்டித்தான் பேசுவார்.

“இதுக்கு என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. போடுங்க.”

போட்டார். திரை பளிச்சென்று ஆனது. கொம்பையாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தீங்களா!”

“பாத்தேன். டீ சொல்லுங்க.”

டீ வந்தது. டீச்சர் ஒரு கல்யாணப் பத்திரிகையை டைப் செய்ய ஆரம்பித்தார். மணமகன் பேர் முடிந்தது. மணமகள் பேரில் பாதி வந்தது.

நீலத்திரை.

“ஐயையோ! உங்க மெஷினுக்கும் தொத்திக்கிட்டே!”

டீச்சர் மெஷினை மறுபடி போட்டார். இந்தத் தடவை மணமகன் பேரையே தாண்டவில்லை. மூன்றாவது தடவைக்குக் கீபோர்டைக் கொம்பையா பக்கம் தள்ளிவிட்டு டீயைக் கையில் எடுத்தார்.

கொம்பையா கீபோர்டைத் தொடவில்லை. பென்டிரைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அஞ்சு தடவையும் நானேதான் போட்டிருக்கேன்” என்றார். அவமானத்தில் காது சிவந்துவிட்டது.

டீச்சர் அந்த டிரைவரை நீக்கினார். மெஷின் பழையபடி ஓடியது. கம்பெனி இணையதளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கி, தங்கபுஷ்பம் அம்மா மெஷினில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டார்கள். மத்தியானம்வரை ஓடவிட்டார்கள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“அந்தம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க? கரண்ட் சரியில்லைன்னு சொல்லிரலாமே.”

கொம்பையா நிமிர்ந்தார்.

“அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது, டீச்சர்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். மெஷின்மேல தப்பில்ல, எம்மேலதான்னு. பெறகு காபி கொடுத்தாங்க.”

“அப்போ தொழிலை விட்டாச்சு.”

“விட முடியலையே, டீச்சர். இதே மாடல், இதே டிரைவர், இன்னும் பதினோரு வீட்டுல போட்டிருக்கேன். நின்னுபோகுதுன்னு சொன்னவங்ககிட்ட, வெயில் காலம், ஃபேன் வைங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்தப் பதினோரு வீட்டுக்கும் போய் என் வாயால உண்மையைச் சொல்லி, சரிபண்ணிக் கொடுக்கணும். பெறகுதான் மத்தது.”

டீச்சர் கைப்பையை எடுத்தார். வெளியே வந்து பட்டப்பகலில் கடை ஷட்டரை இழுத்து மூடினார்.

“நீங்க எங்க வாரீங்க, டீச்சர்? ஏச்சு வாங்க வேண்டியது நான். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைகுனிவு?”

“யாருகிட்ட தொழில் படிச்சீங்கன்னு அவங்க கேப்பாங்கள்லா, அண்ணாச்சி? நான் அங்க நிக்கணும்.”