கல்லாகாத கொழுக்கட்டை

வெகு காலத்துக்கு முன்னே, மலைக்கும் காது இருந்த நாளிலே, செம்பாறை நாட்டில் மரிக்கொழுந்து என்று ஒருத்தி இருந்தாள். கொழுக்கட்டை அவித்துத் தெருத்தெருவாய் விற்பவள். பயம் அவளுக்கும் உண்டு. ஆனால் பயந்துகொண்டே காரியத்தை முடித்துவிடுவாள்.

ஊருக்கு எதிரே ஒரு குன்று. குன்றிலே ஒரு பூதம். பனைமர உயரம், பாறை போலத் தோள். அது குகையை விட்டுத் தலைநீட்டினால் போதும், ஊரார் கல்லால் அடிப்பார்கள். அதுவும் பேசாமல் உள்ளே போய்விடும்.

ஒருநாள் காலை ஏரி உடைந்தது. வீடு போனது, மாடு போனது, வைக்கோல்போர் போனது. ஊரில் பலரும் கிழக்கு மேட்டுக்குத் தப்பி ஓடினார்கள். பத்தொன்பது பேர் மட்டும் சத்திரத்துக் கூரைமேல் சிக்கிக்கொண்டார்கள். மரிக்கொழுந்து கூடையும் கையுமாய்க் குன்றில் ஏறினாள். நிமிர்ந்து பார்த்தால், எதிரே பூதம்! சுருண்டு கிடந்தது.

"பயப்படாதே பொண்ணே. எழுந்திருக்கவே எனக்குத் தெம்பில்லை. சாப்பிட்டு நூறு வருஷமாச்சு."

கூடையில் மூன்றே மூன்று கொழுக்கட்டை மிச்சமிருந்தது. ஒன்றை எடுத்துத் தூர நின்று வீசினாள். பூதம் வாயில் போட்டது. கடக்! கொழுக்கட்டை கல்லாகிவிட்டது.

இரண்டாவதைக் கிட்டே போய்க் கையில் கொடுத்தாள். கடக்! அதுவும் கல்.

"இது என்ன கூத்து?" என்றாள் மரிக்கொழுந்து.

"சாபம் அம்மா. ஒரு காலத்தில் அரண்மனை நெற்களஞ்சியத்துக்கு நான்தான் காவல். பஞ்சத்தில் ஜனங்கள் வாசலில் நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் தின்றேன். 'தனியாய்த் தின்றவனே, பூதமாய்ப் போ! இனி உன் வாயில் சோறு கல்லாகட்டும்' என்று ஒரு முனிவர் சொல்லிவிட்டார்."

மரிக்கொழுந்து யோசித்தாள். பிறகு பூதத்தின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மூன்றாவது கொழுக்கட்டையை இரண்டாய்ப் பிட்டாள்.

"இந்தாங்க அண்ணே. உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. சேர்ந்தே சாப்பிடுவோம்."

இருவரும் ஒன்றாய் வாயில் போட்டார்கள். கல் இல்லை! தேங்காயும் வெல்லமும் பூதத்தின் நாக்கில் கரைந்தன. அதன் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. உடம்பில் தெம்பு ஏறியது. கூடவே விரல்கள் மெல்ல மெல்லச் சுருங்கின.

"சாபம் தீருது தங்கச்சி. இன்னும் கொஞ்ச நேரத்தில் சாதாரண மனுஷனாகிடுவேன்."

"ரொம்ப சந்தோஷம் அண்ணே."

பூதம் சத்திரத்துக் கூரையைப் பார்த்தது. "அதுக்குள்ளே அவங்களைக் கொண்டு வந்துடறேன்" என்று வெள்ளத்தில் இறங்கியது.

முதல் தடவை தண்ணீர் முழங்கால் மட்டும். பன்னிரண்டு பேரைத் தோளில் சுமந்து வந்தது.

இரண்டாம் தடவை தண்ணீர் நெஞ்சு மட்டும். ஐந்து பேரைக் கொண்டு வந்தது.

"போதும் அண்ணே, நீங்க முழுகிடுவீங்க!" என்று கத்தினாள் மரிக்கொழுந்து.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க தங்கச்சி."

கூரையில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் அவள் புருஷனும் நின்றார்கள். மூன்றாம் தடவை தண்ணீர் கழுத்து மட்டும். இருவரையும் இரு கையில் தூக்கிப் பிடித்தபடி பூதம் வந்தது. கரைக்குப் பத்தடி இருக்கையில் உயரம் முழுக்கக் குறைந்தது. கால் நிலை கொள்ளவில்லை. தலை முழுகியது. தூக்கிய கைகள் மட்டும் இறங்கவில்லை.

"முண்டாசை அவிழுங்க! துண்டை முடிங்க!" மரிக்கொழுந்து முடிச்சுப் போட்டு வீசினாள். கர்ப்பிணியின் புருஷன் ஒரு கையால் துணியையும், மறு கையால் மனைவியையும் பிடித்துக்கொண்டான். அவள் பூதத்தின் மணிக்கட்டை விடவேயில்லை. கல்லெறிந்த பதினேழு பேரும் மரிக்கொழுந்தோடு சேர்ந்து ஒரே மூச்சாய் இழுத்தார்கள்.

மூவரும் கரையேறினார்கள். பூதம் இல்லை, மெலிந்த மனிதன் ஒருவன் இருமிக்கொண்டு கிடந்தான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். கர்ப்பிணிதான் கேட்டாள்:

"அண்ணே, உங்க பேரென்ன?"

நூறு வருஷமாய் யாரும் கேட்காத கேள்வி. அவன் வெகுநேரம் நினைவைத் துழாவினான்.

"சாத்தையன்... சாத்தையன்தான் என் பேர்."

வெள்ளம் வடிந்ததும் ஊரார் எல்லோரும் கூடி, மரிக்கொழுந்து வீட்டுக்கு அடுத்தாற்போல் அவனுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. என்ன பேர் வைத்தார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?