பத்துக்கு நாலு

செங்கோடன் மடத்துக்கு வந்தபோது வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். முப்பத்து நாலு வருஷம் கண்டக்டராக இருந்து ஊரையே வரிசையில் நிறுத்தியவருக்குத் தான் நிற்பது என்னவோபோல இருந்தது. கையில் ஒரு சீப்புப் பூவன் பழம். கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் எண்பத்து மூன்று ஓட்டுச் சீட்டுகள். எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது. ஆம், இல்லை என்ற கட்டங்கள் மட்டும் காலி. அவற்றை நிரப்பும் பொறுப்பு செங்கோடனுடையது.

அவர் முறை வந்து குரு வேலாத்தாளின் எதிரே உட்கார்ந்தபோது பின்னால் இன்னும் வரிசை இருந்தது. வேலாத்தாளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங்கண்ணா, மொகம் வாடிக் கெடக்குது?"

"தங்கம் தேடுற கம்பெனியில பங்கு வாங்கினோமல்லங்க தாயே, பத்து ரூபாப் பங்கு. டெப்போவுல எண்பத்து மூணு பேரு. அத்தனை பேரையும் நான்தான் வாங்க வெச்சேன். எல்லாம் ரிட்டயர் ஆன காசு. ஏழு வருஷமாப் பாறையில குழி போடுறானுங்க. டிவிடெண்ட் பத்துப் பைசா வரலை. சண்டை போட்டோம். இப்ப லெட்டர் வந்திருக்குது."

லெட்டரை எடுக்கவில்லை. மனப்பாடம். மூக்கால் பேசும் ஆபீசர் குரலில் ஒப்பித்தார்.

"'லாபம் இல்லாததால் டிவிடெண்ட் வழங்க இயலாது. பங்குதாரர்கள் விரும்பினால் தேடும் பணியை நிறுத்திவிட்டு, கையிருப்பைப் பங்குக்கு நான்கு ரூபாய் வீதம் திருப்பித் தருகிறோம். இல்லையேல் அந்தத் தொகையில் மேலும் இரண்டு குழிகள் போடப்படும்.'"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"டெப்போவுல என்ன சொல்றாங்க?"

செங்கோடன் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டார். டிரைவர் மாசிலான் வந்து நின்றதுபோல இருந்தது. "'அட செங்கோடா! நாலு ரூபா டிவிடெண்டாமா! உன்னை நம்புனது வீண்போகலைடா!' மாலை போடப் போறாங்களாமுங்க தாயே. வர்ற வெள்ளிக்கிழமை ஓட்டு. நிறுத்தச் சொல்லி ஆம்னு போடட்டுங்களா, தோண்டச் சொல்லி இல்லைன்னு போடட்டுங்களா?"

வேலாத்தாள் கையை நீட்டினார். செங்கோடன் பழத்தை மறந்தே போயிருந்தார். அவசரமாகக் கொடுத்தார். பத்துப் பழம்.

வேலாத்தாள் எழுந்து வரிசையோரமாக நடந்தார். ஆளுக்கொன்றாக ஆறு பழம் போயிற்று. ஒரு குழந்தை அங்கேயே உரித்துத் தின்றது. மீதி நாலு செங்கோடனிடம் திரும்பி வந்தது.

இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எதுக்குங்கண்ணா ஒத்திக்கிட்டீங்க?"

"நீங்க குடுத்ததுங்களே. பிரசாதம்."

"வாங்கிட்டு வந்தது யாரு?"

"நான்தானுங்க."

"எத்தனை?"

"பத்து."

செங்கோடன் தன் கையிலிருந்ததைப் பார்த்தார். எண்ணிப் பார்க்க வேண்டிய அளவு அதில் இல்லை.

"சரிங்க, இல்லைன்னே போட்டுடறேன். தோண்டட்டும்."

"அடியில தங்கம் இருக்குதுங்களா?"

"அது யாருக்குங்க தெரியும்?"

"இந்த நாலும் போயிட்டா?"

"அப்ப ஆம்னு போட்டுடறேன்."

"அடுத்த குழியிலயே கிடைக்கறதா இருந்தா?"

"என்னங்க தாயே! ஏறச் சொல்றீங்களா, எறங்கச் சொல்றீங்களா?"

வரிசை மொத்தமும் சிரித்தது. வேலாத்தாளும் சிரித்தார்.

"காசு யாருதுங்க?"

"அவங்கவங்களுது."

"அப்ப அவங்கவங்க போடட்டும்."

"என்னை நம்பித்தானுங்க கட்டத்தைக் காலியா விட்டுக் குடுத்தாங்க."

"என்னன்னு நம்பி?"

செங்கோடன் மஞ்சள் பையை மடியில் வைத்து, காதைத் திருகிக்கொண்டிருந்தார். பையின் காதை.

"மாசம் பொறந்தா பென்ஷன் மாதிரி வரும்னு சொன்னேன். நான்தான் சொன்னேன். தேடுற கம்பெனிக்கு, கண்டுபிடிச்சாத்தான் வருமானமே. அது எனக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்பப் போய், 'இது டிவிடெண்ட் இல்லப்பா, நீங்க போட்டதுல மிச்சம்'னு எப்பிடிங்க சொல்றது? மாலைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க. ஒரே பஸ்ஸுல தின்னு தூங்குனவங்க. மானம் போயிரும் தாயே."

"கம்பெனி வருஷா வருஷம் கூட்டம் போடுமுங்களா?"

"போடும். ஒண்ணு விடாமப் போயிருவேன்."

"சேர்மன் என்ன பேசுவாரு?"

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். இல்லாத கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார். "'இவ்வாண்டும் எதுவும் கிடைக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'"

"ஏழு வருஷமும்?"

"ஏழு வருஷமும் அதேதானுங்க."

"அப்புறம்?"

"சத்தம் போடுவோம். மாசிலான் ஒருதடவை சேரையே தூக்கிட்டான். அப்புறம் டீயும் பிஸ்கட்டும் குடுப்பாங்க."

"சேர்மனுக்கு?"

"அவரும் எங்ககூட நின்னுதான் குடிப்பாரு."

"அப்ப உள்ளதைச் சொன்னாலும் டெப்போவுல உங்களுக்கும் ஒரு டீ உண்டுங்கண்ணா," என்றார் வேலாத்தாள்.