பத்துப் பேரைக் காக்கும் விதி

ஒரு கணினிக்குள் ஒரு பேஸ்பால் லீக் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஆடியவர்கள் மனிதர்கள் அல்ல, அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெயர் இருக்கும்; அடிப்பதற்கு, எறிவதற்கு, ஓடுவதற்கு என்று சில எண்கள் இருக்கும். திரைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கு. உள்ளே இருந்த அட்டைகளுக்கு அதுதான் பிழைப்பு.

பொருநை அணியில் பூவரசன் என்றொரு அட்டை இருந்தான். அவன் கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எதிரே இருந்து வரும் பந்தைப் பிடிப்பவன். எந்தப் பந்தை வீசலாம் என்று விரலால் சைகை காட்டுவதும் அவன்தான். அணி தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒரே இடத்தில் குந்தியிருந்தான். அவனுடைய எண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வந்தன. அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. “பூவரசன் இல்லாவிட்டால் நம் பந்தெறிபவர்களுக்குக் கையே ஓடாது” என்று அணியில் எல்லோரும் சொல்வார்கள். அவனும் அதை நம்பினான்.

லீக்கில் மொத்தம் ஏழு அணிகள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓர் அணி எதிரே ஆட இன்னோர் அணியில்லாமல் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அந்தக் குறை தீர எட்டாவதாக நொய்யல் என்ற அணியைச் சேர்த்தார்கள். அதில் இருந்தது ஒரே ஓர் அட்டை, தலைவி அல்லி. மற்ற இடமெல்லாம் காலி.

காலி இடத்தைப் பழைய அணிகளின் ஆட்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பழைய அணியும் தன் இருபத்தைந்து பேரில் சிலரை ‘இவர்கள் எங்களுக்கு’ என்று வேலிக்குள் நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அல்லி வந்து தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கிக்கொள்வாள். வேலிக்குள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்ய எல்லா அட்டைகளும் மைதானத்தில் கூடின.

“பதினைஞ்சு” என்றான் மருதையன். பொருநை அணியின் தலைவன். லீக்கிலேயே பெரிய அடிக்காரன். “நாம பாடுபட்டுச் சேர்த்த ஆளுங்க. நேத்து வந்தவங்களுக்கு எதுக்குத் தாரை வார்க்கணும்?”

மற்ற தலைவர்களும் தலையாட்டினார்கள்.

அல்லி எழுந்தாள். “பதினைஞ்சு பேரை உள்ளே வச்சுக்கிட்டா வெளியே யாருண்ணே நிப்பாங்க? ஓட முடியாதவங்களும் எறிய முடியாதவங்களும்தானே? அவங்களை வச்சு நான் ஆட முடியாது. அடிதான் வாங்க முடியும். அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?”

தலைவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பைப் பூவரசனால் தாங்க முடியவில்லை.

“அந்தப் பொண்ணு கேக்கறது நியாயம்” என்றான். “விருந்துக்குக் கூப்பிட்டுட்டு எச்சில் இலையைப் போடக் கூடாது. பத்துப் பேர் போதும். வயசுக்கும் பழக்கத்துக்கும் சலுகை வேண்டாம். எல்லா அணிக்கும் ஒரே கணக்கு.”

கூட்டம் சலசலத்தது. மருதையன் கடுமையாக எதிர்ப்பான் என்று பூவரசன் எதிர்பார்த்தான். மருதையனோ தரையைப் பார்த்தபடி, “பூவரசனே சொல்லும்போது நான் என்ன சொல்றது? பத்தாவே இருக்கட்டும்” என்று கையைத் தூக்கினான்.

எல்லாக் கைகளும் உயர்ந்தன. உயர்ந்த கைகளின் நடுவே விதி பிறந்து எழுந்து நின்றது. ஒல்லியான உருவம். கழுத்தைத் திருப்பத் தெரியாததுபோல நேராகவே பார்த்தது. வேலியின் வாசலுக்கு நடந்துபோய்க் காவலுக்கு நின்றுகொண்டது.

அல்லி பூவரசனைப் பார்த்துக் கைகூப்பினாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுநாள் மருதையன் வாசலில் நின்று தன் பத்துப் பேரைக் கூப்பிட்டான். பேர் கேட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒன்பதாவதாக ஓர் இளம் கேட்சரின் பேர் வந்தது. பூவரசன் திடுக்கிட்டான். பத்தாவது பேரும் வந்தது. அது அவனுடையது அல்ல.

“மருதையா, நான்?”

மருதையன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் என்ன பண்ணட்டும்? பத்துன்னு சொன்னது நீதானே? பதினைஞ்சா இருந்திருந்தா உன்னை விட்டிருப்பேனா? எனக்கும் வயிறு எரியத்தான் செய்யுது. விதி அப்படி.”

வாசலில் நின்ற விதி அசையவில்லை.

பூவரசன் வெளியே வந்து நின்றான். அல்லி வந்தாள். பொருநையின் ஆட்களில் முதலில் அவன் பேரைத்தான் சொன்னாள். பிறகு இரண்டு பந்தெறிபவர்களைக் கூப்பிட்டாள். இருவரும் இளைஞர்கள், நல்ல கைக்காரர்கள். இவர்களை எப்படி மருதையன் வெளியே விட்டான் என்று பூவரசனுக்குச் சின்ன வியப்பு. ஆனால் அப்போது அவன் மனம் வேறு எதிலோ இருந்தது.

நொய்யல் அணி தோற்றுக்கொண்டேயிருந்தது. புது ஆட்கள், பழகாத கைகள். பூவரசன் மனம் தளரவில்லை. பழைய அணியைவிட இங்கே அதிகமாக உழைத்தான். முழங்கால் வலித்தது. பிடி தவறிய பந்துகள் மார்பில் வந்து அடித்தன. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நினைவு அவனுக்கு மருந்தாக இருந்தது: நியாயத்தைப் பேசினேன், அதற்கு விலை கொடுத்தேன். கொடுத்தது வீண் இல்லை. இந்தப் பெண்ணுக்கு நன்றி இருந்தது, முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டாள்.

ஒரு மத்தியானம் ஆட்டத்துக்கு முன்னால் புது ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பூவரசன் வழக்கம்போலத் தன் கதையைச் சொன்னான். “நானே வெட்டின குழியில நானே விழுந்தேன். ஆனா வருத்தமில்லை. அன்னிக்கு நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா இன்னிக்கும் பொருநையிலதான் இருந்திருப்பேன்.”

பக்கத்தில் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த அல்லி நிமிர்ந்தாள். “அதுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“எதுக்கும் எதுக்கும்?”

“பத்துப் பேருக்கும் நீங்க இங்க வந்ததுக்கும். கூட்டத்துக்கு முந்தின நாளே மருதையன் என்கிட்ட வந்தாரே. ‘எங்க கேட்சரை எடுத்துக்கோ. ஆள் ஓஞ்சு போயிட்டாரு, முகத்துக்கு நேரா எங்களால சொல்ல முடியல. எடுத்துக்கிட்டா நல்லா எறியற பசங்க ரெண்டு பேரையும் வெளியே விடறேன்’னார். எனக்கு எறிய ஆளே கிடையாது. சரின்னுட்டேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்?”

பூவரசனின் கையுறை மடியிலிருந்து நழுவியது.

“அப்போ... பதினைஞ்சுன்னு முடிவாகியிருந்தா?”

அல்லிக்கு அப்போதுதான் தான் செய்தது புரிந்தது. ஆனாலும் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. “இருபத்துநாலு பேரை உள்ளே வச்சுக்கலாம்னு முடிவாகியிருந்தாலும், அந்த மிச்ச ஒரு ஆள் நீங்கதாண்ணே.”

புது ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

பூவரசன் எழுந்து வேலி வாசலுக்குப் போனான். அங்கே விதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் மறந்துபோனதால் அதன் தோளில் புழுதி படிந்திருந்தது.

“இத்தனை நாளும் நீதான் என்னை வெளியே தள்ளினதா நினைச்சேன்” என்றான் பூவரசன்.

“நான் உன்னைத் தொடவே இல்லை” என்றது விதி. “நான் பிறப்பதற்கு முன்பே நீ வெளியே இருந்தாய்.”

“உன்னை உண்டாக்கினதே நான்.”

“எண்ணிக்கை மட்டும்தான் உன்னுடையது. என்னால் என்ன பயன் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்.”

“என்ன பயன்?”

“முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற பேச்சு ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும். யாரும் கோபப்பட முடியாத வாயாக இருந்தால் நல்லது.”

நியாயத்துக்காக இழந்தேன் என்ற ஒரு சொல்தான் பூவரசனிடம் மிச்சமிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

மைதானத்திலிருந்து அழைப்பு வந்தது. பூவரசன் போய் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தினான். இரும்புக் கம்பி போட்ட முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் பிடித்ததுபோல அவன் என்றைக்கும் பிடித்ததில்லை. நொய்யல் முதல்முறையாக ஜெயித்தது. எல்லாரும் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள். “அண்ணே, முகமூடியைக் கழட்டுங்க” என்று அல்லி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அவன் கழற்றவில்லை.