உங்க வண்டிக்கு மட்டும்

நடந்ததோ நடக்கவில்லையோ, எனக்குச் சொன்னவர்கள் நடந்தது என்றுதான் சொன்னார்கள்.

பழநிக்குப் போகிற சாலையில் ஒரு மடம். மடத்து வாசலில் ஒரு மோர்ப்பானை. பானைக்குப் பின்னால் ஒரு சாமி.

நாற்பது வயதுகூட இருக்காது. தைப்பூசத்துக்கு நடந்துபோகிறவர்களுக்கு மோர் ஊற்றுவார். கேட்டால் பதிலும் சொல்வார். மோர்ச்சாமி என்று பேர் விழுந்துவிட்டது.

அவருடைய சீடன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற அடைக்கலத்துக்குச் சாமியின் அப்பா வயசு. வருஷாவருஷம் ஊர்க்காரர்களோடு, ஸ்பீக்கர் கட்டிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். இந்த வருஷம் வண்டியைப் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார்.

"சாமி, நான் திருடனா?"

"மோர் குடிங்க ஐயா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"யார் வீட்டுல என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் காணாமப் போகல. அதான் சாமி குழப்பமே."

சாலையில் ஏதோ ஒரு ஊர் வண்டி போனது. அதன் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் முருகனைப் பாடியது. அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டார். வண்டி வளைவில் மறைந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"கேட்டீங்கள்ல? அது அழகுமீனா குரல். எங்க பக்கத்துப் பொண்ணு. தானே பாடி, தானே பதிஞ்சு, மெமரி கார்டுல போட்டு விக்குது. போன வருஷம் ஒண்ணு வாங்கினேன். குடுக்கும்போதே சொல்லுச்சு. உங்க வண்டிக்கு மட்டும் வச்சுக்கங்கண்ணே, வேற யாரும் கேட்டா என்கிட்ட அனுப்புங்கன்னு."

"நீங்க?"

"தலையாட்டுனேன்."

"அப்புறம்?"

"காசிலிங்கம் கேட்டான். கூடப் படிச்சவன். செல்போன் கடையில குடுத்து ஒரு காப்பி எடுத்துக் குடுத்தேன். இப்ப சாலையில போற வண்டியெல்லாம் அந்தப் பாட்டுத்தான் பாடுது. எங்க வண்டியில மட்டும் நான் அணைச்சுட்டேன்."

மோர்ச்சாமி சிரிக்கவில்லை.

"வக்கீலா இருக்கற உங்க மருமகன்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். குடுத்தது தப்புதான் மாமா, ஆனா உங்களைத் தேடிக்கிட்டு எவன் வரப்போறான்னான்."

"நிம்மதியாச்சா?"

"தூக்கம் போச்சு."

"காசிலிங்கம் என்ன சொல்றார்?"

"அவனுக்கென்ன, வாயிருக்கு. அவ பாட்டு அவகிட்ட அப்படியே இருக்கு, ஒரு வரி குறைஞ்சுதாங்கறான். முருகன் பாட்டுடா, வழியெல்லாம் சோறு போடுறாங்க, நீ பாட்டுப் போட்டே, புண்ணியந்தாங்கறான். நானும் அப்படித்தான் சாமி மனசைத் தேத்திக்கிட்டேன். காலைல வரைக்கும்."

"காலைல என்ன?"

அடைக்கலம் மோரை ஒரு வாய் குடித்தார்.

"புளியமரத்தடியில உட்கார்ந்திருந்துச்சு. மடியில மஞ்சப்பை. பை நிறைய கார்டு. ஒருத்தனும் நிக்கல. எதுக்கு நிப்பான்? அது குரலே அதைத் தாண்டிப் போகுது. ஒவ்வொரு வண்டியா எட்டி எட்டிப் பார்க்குது. நான் மரத்துக்கு அந்தப் பக்கமா ஒளிஞ்சு வந்துட்டேன். இந்த வயசுல."

"இங்கே வருமா?"

"மத்தியானச் சோத்துக்கு வந்துரும். வந்தா அண்ணேன்னு கூப்பிடும். நான்தான்னு சொல்லவா, வேண்டாமா? சொன்னா அதுக்கப்புறம் கூப்பிடாது."

மோர்ச்சாமி அகப்பையால் பானையைக் கலக்கினார்.

"இது உங்களோட இருக்கட்டும் சாமி. வேற யாருக்கும் தெரிய வேண்டாம்."

மோர்ச்சாமி தலையாட்டினார்.

அடைக்கலம் சமையல்கட்டுக்குப் போனார். பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தார். வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கத்தி நின்றது.

சமையல்காரர் மச்சக்காளை பக்கத்தில் வந்து குந்தினார்.

"என்னண்ணே, காப்பி எடுத்துக் குடுத்துட்டீங்களாமே."

"யார் சொன்னது?"

"பூசணிக்காயைப் பார்த்து நறுக்குங்க, விரல் போயிரும்."

கொஞ்ச நேரத்தில் வாசல் பெருக்குகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தர், காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு பாட்டை வித்தது நீங்கதானா?"

"விக்கலங்க. குடுத்தேன்."

"வித்ததாத்தான் பேசிக்கிறாங்க. நல்லா ஓடுச்சா?"

அடைக்கலம் கத்தியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"உங்களை நம்பித்தானே சாமி சொன்னேன்."

"மச்சக்காளைகிட்ட மட்டுந்தான் சொன்னேன். ரொம்ப நாள் சிநேகிதம்."

"யாருக்கும் வேண்டாம்னேனே. நீங்க தலையாட்டுனீங்க."

"ஆட்டுனேன்."

"இப்ப மடமே பேசுது."

"நீங்க சொன்னது உங்ககிட்ட அப்படியேதானே இருக்கு? ஒரு வார்த்தை குறைஞ்சுதா?"

அடைக்கலம் கையில் ஒட்டியிருந்த பூசணி விதையை வேட்டியில் துடைத்தார்.

மச்சக்காளையும் வாசலுக்கு வந்து சாலையை எட்டிப் பார்த்தார். "சாமி, அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு தூரத்துல வருது. நானே பக்குவமாச் சொல்லிரவா? அண்ணன் பாவம், பயப்படுறாரு."

"வேண்டாம்யா," என்றார் அடைக்கலம். "அதை நான்தான் சொல்லணும். அது என்..."

பாதியில் நின்றுவிட்டார். மோர்ச்சாமியைப் பார்த்தார். மோர்ச்சாமி வேறு யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அழகுமீனா வந்தாள். புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது. அடைக்கலத்தைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"அண்ணே, உங்களைத்தான் காலையிலிருந்து தேடுறேன்."

"அழகு, நான் ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிர்றேன். மனசு அடிச்சுக்குது." அவள் மஞ்சப்பைக்குள் கையை விட்டாள். "போன வருஷக் கார்டைத் தூக்கிப் போட்டுருங்க. இது வேற. காசு வேண்டாம்."

"எதுக்கு?"

"ஆறுபடை வீட்டுப் பாட்டு இருக்குல்ல. திருத்தணியை ரெண்டு தடவை பாடி, பழமுதிர்சோலையை விட்டுட்டேன். பதியும்போது தெரியல. பெறகு கேட்டப்பதான் தெரிஞ்சுது. முருகன் வீட்டுல ஒண்ணையே காணாமப் பண்ணிட்டேன். திருத்திப் பாடி, வாங்கினவங்களுக்கெல்லாம் வேற கார்டு குடுத்துக்கிட்டு வர்றேன். விலைக்கு வாங்கினவங்க முகம் ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவள் சாலையைப் பார்த்தாள். ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது.

"ஆனா இந்த வண்டிக்காரங்க முகமெல்லாம் நான் பார்த்ததே இல்லண்ணே. எப்படிப் போச்சுன்னு தெரியல. ஜனமெல்லாம் கூடவே பாடுது. தப்பாவே பாடுது."

வண்டி கடந்து போனது. திருத்தணி வந்தது. மறுபடியும் திருத்தணி வந்தது. பின்னால் நடந்த பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டு போனார்கள்.

"நான்தான்," என்றார் அடைக்கலம். "காசிலிங்கத்துக்கு நான் குடுத்தேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"என்கிட்ட அனுப்புங்கன்னேனே."

"ஆமா."

"அனுப்பியிருந்தா எனக்கு முகமாச்சும் தெரிஞ்சிருக்கும்."

"ஆமா."

"காசிலிங்கம் யார் யாருக்குக் குடுத்தார்?"

"தெரியல. கேட்டேன். அவனுக்கே தெரியல."

அவள் பையைக் கீழே வைத்தாள். பாதிக் கார்டுகளைத் துண்டில் கொட்டி முடிந்தாள். பையை அவர் பக்கம் தள்ளினாள்.

"பின்னால வர்ற வண்டியை நான் பார்க்கிறேன். முன்னால போனது உங்களோடது."

அண்ணே என்று சொல்லவில்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போம்மா," என்றார் மச்சக்காளை.

"அதுக்குள்ள வண்டி தாண்டிப் போயிரும்," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அடைக்கலம் மஞ்சப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாலை வெயிலில் நீண்டு கிடந்தது.

"சாமி, எத்தனை வண்டின்னே தெரியாதே. பூசத்துக்குள்ள பிடிக்க முடியுமா?"

மோர்ச்சாமி அகப்பையை மச்சக்காளையின் கையில் கொடுத்தார். தலைக்குத் துண்டைக் கட்டினார்.

"நீங்க எங்கே சாமி?"

"நீங்க வித்ததா ஒரு பேச்சு முன்னால போயிருக்கு. நான் அப்படிச் சொல்லல."

"அதை யார்கிட்டப் போய்ச் சொல்வீங்க?"

"தெரியாது ஐயா."

அடைக்கலம் நடக்கத் தொடங்கினார். சற்று விட்டு மோர்ச்சாமியும் நடந்தார்.