ஆணிக்கு எரிச்ச ஊரு

ஏட்டி, காலை உதைக்காத. ஃபேன் காத்து முழுக்க உன் பக்கம்தான் வருது, நான் ஏதாவது சொன்னேனா? ஆச்சி குறட்டை விட்டாச்சு. அவளை எழுப்பினா ரெண்டு பேருக்கும் திட்டு விழும். சரி, இன்னைக்குக் கதை நான் சொல்லுதேன். ஆச்சி மாதிரி ராசா, ராணி எல்லாம் என்கிட்ட கிடையாது. முப்பது வருசம் கப்பல்ல சோறாக்கினவன் நான், எனக்குத் தெரிஞ்சது கப்பல் கதைதான். ஒழுங்கா ம் கொட்டணும். கொட்டலைன்னா நான் தூங்கிருவேன், இப்பவே சொல்லிட்டேன்.

— ம்.

ஒரு ஊர்ல ஒரு... இரு, ஊரு இன்னும் வரல. முதல்ல கப்பல்தான். அந்தக் காலத்துப் பாய்க்கப்பல், எஞ்சின் எல்லாம் கிடையாது. காத்தடிச்சா போவும், இல்லைன்னா அப்படியே நட்டநடுக் கடல்ல நிக்கும். அது இங்கிலாந்துல இருந்து அமெரிக்காவுக்குப் போவுது. அதுல ஜூடித்துன்னு ஒருத்தி இருந்தா. புருசன் செத்துப் போயிட்டான். அவ மக மெர்சி, ஆறு வயசு, உன்னைய மாதிரி வாயாடி. ஆமா, நம்ம மெர்சி டீச்சர் பேருதான். இது வேற மெர்சி. சிரிக்காத, ஆச்சி முழிச்சிருவா.

ஜூடித்துகிட்ட கப்பலுக்குக் குடுக்கக் காசு கிடையாது. அதனால ஒரு காயிதத்துல கைநாட்டு வெச்சுட்டா. அதே கப்பல்ல டோபியாஸ்னு ஒரு தச்சன் வாரான், இவ காசை அவன் கட்டுவான், பதிலுக்கு அவன் வீட்டுல ரெண்டு வருசம் வேலை செய்யணும், அதுதான் பேச்சு. அப்புறம் என்னாச்சு, வழியில ஒரு தீவு. குடிதண்ணி பிடிக்கக் கப்பலை நிப்பாட்டினாவ. அங்க வெச்சு மெர்சிக்கு மேலெல்லாம் அம்மை போட்டிருச்சு.

கேப்டன் சொன்னான், "இந்தப் பிள்ளை கப்பல்ல ஏறக் கூடாது."

ஜூடித் சொன்னா, "அப்போ நானும் ஏற மாட்டேன்."

"நீ கைநாட்டு வெச்சவ. ஏறித்தான் ஆவணும்."

அவ புரண்டா, அழுதா, கடிச்சுக்கூடப் பாத்தா. ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயிக் கப்பல்ல போட்டுட்டானுவ. அந்தக் கேப்டனை நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது. என் கையில மட்டும் கிடைச்சிருந்தா அவன் கஞ்சியில ஒரு படி உப்பை அள்ளிப் போட்டிருப்பேன். அந்தத் தீவுல துணி துவைக்கிற ஒரு அம்மா, பாவம், "பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன், சரியானதும் அடுத்த கப்பல்ல அனுப்பி விடுதேன்"னு சொன்னா. படகு நகர நகர ஜூடித் கத்துனா, "மெர்சி! கரையில இறங்கினதும் முதல் வீட்டுல நான் இருப்பேன்!"

— ம்.

என்ன ம் சின்னதா வருது? அழுதியா? ஏய், கதை இன்னும் இருக்கு பிள்ளே.

இப்போதான் ஊரு வருது. ஊருன்னா என்ன ஊரு, ஒரே சதுப்பு. ஆத்தோரம் கால வெச்சா சளக்குன்னு முழங்கால் வரைக்கும் உள்ள போவும். கொசு ஙொய்யின்னு காதுக்குள்ளயே குடும்பம் நடத்தும். அந்தச் சுத்துவட்டாரத்துல ஏற்கனவே ஆளுங்க இருந்தாவ, காலங்காலமா அங்கனயே இருக்கவங்க. அவங்க, "இது தண்ணி சரியில்லாத இடம், நாங்களே இங்க குடியிருக்க மாட்டோம்"னு சொல்லிருக்காவ. கப்பல்ல வந்த இவனுவ கேட்டாத்தான? அவங்க மண்ணையே கேக்காம எடுத்தவனுவ, பேச்சையா கேக்கப் போறானுவ.

அங்க மரம் இருக்கே மரம், வானம் தெரியாது, அம்புட்டு மரம். ஆனா ஆணி கிடையாது. ஒரு ஆணி வேணும்னாலும் இங்கிலாந்துல இருந்துதான் கப்பல்ல வரணும். கப்பலோ வருசத்துக்கு ஒண்ணுதான். கீழ ஒரு ஆணி விழுந்தா மொத்தக் குடும்பமும் குனிஞ்சு தேடும், பாத்துக்கோ. டோபியாஸ் டக் டக்னு வீடு கட்டுவான். அடிக்கும்போது வளைஞ்சு போற ஆணியை அவன் தூக்கிப் போட்டா ஜூடித் பொறுக்கிக்கிடுவா. கல்லு மேல வெச்சு மெள்ள மெள்ளத் தட்டி நிமித்தி வெச்சுக்கிடுவா. ரெண்டு வருசம் முடிஞ்சதும் அந்த ஆணியை எல்லாம் போட்டு, படகு அடையுற இடத்துக்கு நேர் மேல, ஒரே ரூம்ல வீடு கட்டிட்டா. கரையில இறங்கினா முதல் வீடு அதுதான்.

முதல் வருசம் கப்பல் வந்துச்சு. ஓடினா. மெர்சி இல்ல. ரெண்டாம் வருசம் வந்துச்சு. ஓடினா. மெர்சி இல்ல, ஆனா தாக்கல் வந்துச்சு. பிள்ளை பொழைச்சுக்கிட்டா, நல்லா இருக்கா, அடுத்த கப்பல்ல கண்டிப்பா வருவான்னு. அன்னையில இருந்து அவளுக்கு உக்கார முடியல, நிக்க முடியல. அடுப்புல பானையை வெச்சுட்டு வாசலுக்கு வருவா, கடலைப் பாப்பா, திரும்ப உள்ள போவா, திரும்ப வருவா. கஞ்சி தீஞ்சு போவும்.

அப்போ பாத்து ஊரே ஒரு முடிவு எடுத்துட்டு. காய்ச்சல்ல ஆளுங்க சாவுறாவ, கிணத்துத் தண்ணி உப்பா இருக்கு. ஆறு ஒரு வளைவு வளையுது, அதுக்கு அந்தப் பக்கம் மேட்டு நிலம், ரெண்டு ஆறு சேர்ற இடம். ஊரை அங்க மாத்திருவோம்னு. நான் கப்பல்ல வேலை பாத்தப்போ அந்த இடத்துத் துறைமுகத்துக்குப் போயிருக்கேன். இப்போ அங்க கிரேனு என்ன, லாரி என்னன்னு ஒரே இரைச்சல். அப்போ வெறும் காடு.

ஊரை மாத்துததுன்னா எப்படி? மரம் அங்கயும் இருக்கு. ஆணி? அங்கதான் இந்த ஊர்க்காரனுவ ஒரு வேலை பண்ணினானுவ. அவனவன் வீட்டை அவனவனே கொளுத்தினான்! ஆமாட்டி, நிசமாத்தான். ஆணியைப் பிடுங்கினா உடையும், நாளாவும். வீட்டைக் கொளுத்தினா மரம் சாம்பலாயிரும், ஆணி அப்படியே கிடக்கும். சல்லடையில அள்ளிச் சலக் சலக்னு சலிச்சு, சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிரலாம். ஒரே வாரத்துல மொத்த ஊரும் கருகிப் போச்சு. ஜூடித் வீடு மட்டும் நிக்கி.

— ம்? ஏன்?

அப்படிக் கேளு. முதல்ல டோபியாஸ் வந்தான். "ஜூடித், அங்க ஆணி பத்தல. உன் வீட்டைக் கொளுத்திட்டு வா."

"மாட்டேன் ஐயா. கப்பல் கடல்ல இருந்து வந்தா இந்தக் கரைதான் முதல்ல தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கது அவங்களுக்கு எப்படித் தெரியும்? எல்லாம் கரியாக் கிடந்தா, எதிரி வந்து நம்மளைக் கொன்னுட்டான்னு நினைச்சுத் திரும்பிப் போயிருவாங்க. என் மக அதுல இருப்பா."

"ஊரு மாறிட்டுன்னு பலகையில எழுதி மரத்துல கட்டிருக்கோம்லா?"

மூணாம் நாளு வெள்ளம் வந்து அந்தப் பலகை எங்கயோ போயிருச்சு. இவளுக்கு எழுதவும் தெரியாது.

அப்புறம் ஊர்ப் பெரியவர் வந்தாரு. பெரிய தொப்பி, பெரிய தொண்டை. "இங்க இருந்தா அங்க உனக்கு நிலம் கிடையாது. ஊர்க் களஞ்சியத்துல ஒரு மணி சோளம் கிடையாது."

"வேண்டாம் பெரியவரே."

அவரு தொப்பியைத் தூக்கி வெச்சுட்டுப் போயிட்டாரு. இவ சிப்பி பொறுக்கினா, கிழங்கு தோண்டினா, அப்படியே காலத்தை ஓட்டினா.

மூணாவது வந்தது டோபியாஸ் பொண்டாட்டி. அவ சண்டை போடல. ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிட்டு, சேறு இடுப்பு வரைக்கும் அப்பிக்கிட நடந்து வந்தா. "ஜூடித், ஆணியில்லாம கூரைப் பலகை நிக்க மாட்டேங்கு, மழை உள்ளயே கொட்டுது. உன் மக வருவாளோ மாட்டாளோ. என் பிள்ளை இப்போ நனையுது."

  ஜூடித் சுத்தியலை எடுத்தா, தன் வீட்டுக் கதவைக் கழட்டினா. அதுல இருந்த ஆணி, ஜன்னல்ல இருந்த ஆணி, எல்லாத்தையும் பிடுங்கி அவ முந்தியில போட்டா. "வீட்டைக் கேக்காத தாயி"ன்னா. கதவைக் கயித்தால கட்டிக்கிட்டா. என்னட்டி, தூங்கிட்டியா?

— இல்ல. கப்பல் வந்துச்சா?

வந்துச்சு! ஒரு நாளு உச்சி வெயில்ல, தூரத்துல வெள்ளையாப் பாய். ஜூடித் சிப்பிக் கூடையை அங்கனயே போட்டுட்டு ஓடுதா. சளக் சளக் சளக். கப்பல் ஆத்து முகத்துல வந்து நங்கூரம் போட்டுச்சு. கேப்டன் குழாய்க் கண்ணாடி வெச்சுப் பாக்கான். என்ன தெரியும்? கரேர்னு கருகிப் போன ஊரு. கயித்துல கதவு தொங்குத ஒரு குடிசை. முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை கையைக் கையை ஆட்டுதா. "இது ஏதோ சூழ்ச்சி, நம்மளைக் கரைக்கு இழுக்கானுவ"ன்னு அவன் பயந்துட்டான்.

இவ கத்துதா. காத்து எதிர்க்காத்து, குரல் இவ வாய்க்கே திரும்பி வருது. மேலுக்குப் போட்டிருந்த துணியை அவுத்து ஆட்டுதா. அப்போ ஒரு சத்தம் கேக்குது. கடகட கடகட. முப்பது வருசம் நான் கேட்ட சத்தம், நல்லாத் தெரியும். நங்கூரத்தைத் தூக்குதான்! கப்பலோட ஓரத்துல சின்னதா ஒரு தலை தெரியுது. அது மெர்சியான்னு இவளுக்குத் தெரியல. தெரியாமலே உசுரு போவுது.

புது ஊருக்கு ஓடிப் போயி ஆளைக் கூட்டிட்டு வரலாம்னா சதுப்புல ஒரு மணி நேரம் ஆவும். கப்பல் அதுக்குள்ள போயிரும். நின்னு தவிச்சா. அப்புறம் சடார்னு வீட்டுக்குள்ள ஓடினா. அடுப்புல இருந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவினா. கூரைக்குத் தார் பூசிருந்தா, மழைக்கு. அதுல வெச்சா தீயை.

யாரு சொல்லியும் எரிக்காத வீடு பிள்ளே! பகபகன்னு பிடிச்சுக்கிட்டு. கரும்புகை வானம் வரைக்கும் போவுது. அந்த ஊர்ல தீயின்னா எல்லாருக்கும் குலை நடுங்கும். மரவீடு, ஒண்ணு பிடிச்சா ஊரே போச்சு. எங்க புகை தெரிஞ்சாலும் வாளியைத் தூக்கிட்டு ஓடணும், அது அங்க சட்டம். வளைவுக்கு அந்தப் பக்கம் மணி டாங் டாங் டாங்னு அடிச்சுச்சு. படகுல தாவி ஏறி வாரானுவ, ஆம்பிளை, பொம்பிளை, பிள்ளை, நாயி, எல்லாம் வருது. முதல் படகுல டோபியாஸ். "கிறுக்கச்சி! எரின்னு சொன்னப்போ எரிக்கல, இப்போ எரிச்சுக்கிட்டு நிக்கா பாரு!"ன்னு கத்திக்கிட்டே துடுப்புப் போடுதான்.

வளைவைத் தாண்டினா கப்பல்! "ஏய், நில்லுங்கப்பா! நாங்கதான்! உசுரோடதான் இருக்கோம்!" பெரியவர் அந்தப் பெரிய தொப்பியைக் கழட்டி ஆட்டுதாரு. தம் ஆளுங்க தொப்பியும் தம் ஆளுங்க பேச்சும்னதும் கேப்டனுக்குப் போன உசுரு வந்துச்சு. கப்பல் நின்னுச்சு.

— மெர்சி?

இருந்தா. இறங்கினா. ஒம்பது வயசு, நெட்டையா, முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஜூடித் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு ஓடினா. அவ முகமோ ஒரே கரி, புருவம் பொசுங்கிப் போச்சு, முடி பாதி காணோம். பிள்ளை ஒரு மாலுமி சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அவன் பின்னால ஒளிஞ்சுக்கிட்டா. "இது எங்க அம்மா இல்ல"ன்னுட்டா.

இரு. தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

ஜூடித் கிட்ட போகல. பிள்ளையைப் பிடிச்சு இழுக்கவும் இல்ல. தன்னைய ஒரு தடவை இழுத்துக் கப்பல்ல போட்டவங்களை அவ மறக்கல. கையை என்ன செய்யன்னு தெரியல. போயி சாம்பல் ஓரமாக் குத்தவெச்சா. ஒரு குச்சியை எடுத்து ஆணியைக் கிளற ஆரம்பிச்சா. ஊர்க்காரனுவ வாளியோட சும்மா நிக்கானுவ. டிங்... டிங்... ஒவ்வொரு ஆணியாக் கல்லு மேல தட்டிப் போடுதா. அழுதுக்கிட்டேதான் போடுதா.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்துல இருக்க முடியுமா? உனக்கு முடியுதா? மெர்சி எட்டிப் பாத்தா. மாலுமி சட்டையை விட்டா. ஒரு அடி, இன்னொரு அடி. பக்கத்துல வந்து குத்தவெச்சா. ஒரு ஆணி தனியாக் கிடந்துச்சு, லபக்குன்னு எடுத்துட்டா. "ஆஆ!" சூடு!

ஜூடித் அந்தக் கையைப் பிடிச்சா. உஃப், உஃப்புன்னு ஊதினா. விரல் விரலா ஊதினா. மெர்சி கையைப் பாத்தா, அப்புறம் அந்தக் கரி முகத்தைப் பாத்தா. சூடு எப்பவோ ஆறிப்போச்சு. பிள்ளை கையை எடுக்கவே இல்ல.

— ம்...

அம்புட்டுத்தான். கப்பல் கரையில, ஆணி சாக்குல, கதை உன் காதுல. கண்ணை மூடு பிள்ளே.